ஆறாவது படி

ரேஷன் அட்டை நகல் எடுக்க வந்தவர், பசை காய்வதற்காக மேசைமேல் அடுக்கியிருந்த ஆய்வேடுகளின் முதுகைக் கழுத்தைச் சாய்த்துப் படித்தார். சேலத்து நெசவாளர்களின் தொழிற்சொற்கள் பற்றிய முனைவர் பட்ட ஏடு. "தறிக்காரன் பேசுகிற பேச்சை எழுதி வைத்தால் டாக்டர் பட்டமா? நாடு உருப்பட்டுவிடும்" என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

கடையில் வாடிக்கையாளரோடு வாதாடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை, எழுதுகிறேன்.

சேலத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தட்டச்சும் பைண்டிங்கும் என் தொழில். படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் தமிழ், வரலாறு, சமூகவியல் என்று நானூறு ஏடுகளாவது என் விரல் வழியாகப் போயிருக்கும். வழிகாட்டி புரட்டிப் பார்ப்பார். புறத்தேர்வாளர் முன்னுரையும் முடிவுரையும் படிப்பார். எழுதியவருக்கு அடுத்தபடியாக ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கிறவன் தட்டச்சுக்காரன்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் ரேஷன் அட்டைக்காரருக்கு. நம் ஊரில் நெசவுத் தெருக்களை ஒட்டிப் பாவடி என்று இடங்கள் உண்டு. பள்ளிக்கூடப் பெயரில்கூட அந்தச் சொல் இருக்கிறது. பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்த வெளி அது. இன்றைக்கு அங்கே வண்டி நிறுத்துகிற பையனைக் கேட்டால், ஏதோ சாமி பெயர் என்பான். ஒரு தொழிலே அந்தச் சொல்லில் சுருண்டு கிடக்கிறது. பிரித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? அதே தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுக்கவே இரண்டரை லட்சத்தைத் தொடவில்லை. அந்த வீடுகளில் தறிக்கு என்ன பெயர், நாடாவுக்கு என்ன பெயர் என்று எழுதி வைக்கிறவருக்கு ஒரு பட்டம் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது.

ஆய்வு வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் சண்டை வேறு.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையைப் பற்றிய ஏடு வந்தால் இரண்டாம் இயலைப் பார்க்காமலே அடித்துவிடுவேன். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, 1820களில் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன், அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடியினரின் முன்னோர் என்று சொல்லப்படுகிற, காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஆளுக்கொரு மலை ஏறிய மூன்று அண்ணன் தம்பிகளின் கதை. அந்தக் காஞ்சிபுரம் பத்தி, காற்புள்ளி மாறாமல், என் கணினியில் பதினோரு கோப்புகளில் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுப்பவர்கள் சேர்வராயன் மலையை 'ஷெவராய் மலை' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். வெள்ளைக்காரன் வாயில் சிதைந்த பெயரை, மலை உச்சியில் குகைக்குள் குடியிருக்கிற சேர்வராயனுக்கே திருப்பிச் சூட்டுகிறோம். திருத்தினால், "மேற்கோளில் அப்படித்தான் இருக்கிறது, அண்ணா" என்று பதில் வரும். மலையாளிகள் நம் மாநிலத்துப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம், 2011இல் மூன்றரை லட்சத்துக்கு மேல். பேசுவது தமிழ். இருந்தும் வாய்மொழித் தேர்வில் ஒரு புறத்தேர்வாளர், "இவர்கள் கேரளாவிலிருந்து எப்போது வந்தார்கள்?" என்று கேட்டாராம். அந்த மாணவர் கடைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த இரண்டாம் இயல்களில் எட்கர் தர்ஸ்டன் வராமல் இருக்க மாட்டார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்தவர். தலையையும் மூக்கையும் அளக்கிற கருவிகளோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றி, 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவர் வந்தபோது, நம் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம்மை அந்தமானுக்கு அனுப்பப் போகிறது என்று சேர்வராயன் மலை மக்கள் மிரண்டார்களாம். அவரே வேடிக்கைபோல எழுதியிருக்கிறார். அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றிலும் காபித் தோட்டம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அளக்கிற கோலோடு வருகிறவன் எதற்கு வருவான் என்று சரியாகத்தானே கணக்குப் போட்டிருக்கிறார்கள்?

ஆறேழு வருடம் முன்பு தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி மலையின் வேளாண் வழக்குச் சொற்களை ஆராய்ந்து ஏடு கொண்டுவந்தாள். வழக்கமாக ஐந்து படி அடிப்போம். அவள் ஆறு கேட்டாள்.

"ஆறாவது யாருக்கு?"

"பாட்டிக்கு, அண்ணா. வாக்குக் கொடுத்துவிட்டேன்."

ஏட்டில் இருந்த சொற்களில் பாதிக்குமேல் அந்தப் பாட்டி சொன்னவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் நானும் கூடப் போனேன். அத்தனை வருடமாக அடித்துத் தள்ளிய தாள்களுக்குள்ளிருந்து ஓர் ஆளையாவது நேரில் பார்க்கலாமே என்ற ஆசைதான்.

பாட்டி வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏட்டை வாங்கி, தங்க எழுத்தை விரலால் தடவினார். "என் பேர் எங்கே இருக்கிறது, கண்ணு?" என்று கேட்டார். அவள் பின்னிணைப்பைத் திறந்து காட்டினாள்: தகவலாளி 14. பெயர் போடக் கூடாது, அதுதான் ஆய்வு நெறி என்று ஏதோ விளக்கினாள். "பதினாலா? எனக்கு முன்னால் பதின்மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்களா?" என்று பாட்டி சிரித்தார்.

பத்தாம் வகுப்புப் படிக்கிற பேத்தி சொற்பட்டியலை உரக்கப் படித்தாள். பாட்டி மிளகை உதிர்த்தபடியே தலையாட்டிக்கொண்டு வந்தார். 'காடு: வனம்.' கை நின்றது. 'கொத்துக்காடு: மரங்கள் கொத்துக் கொத்தாக அடர்ந்த வனப்பகுதி.'

"மரமா?" என்றார் பாட்டி. "ஏர் போகாத சரிவு, கண்ணு. கொத்தால் கொத்திச் சாமை விதைப்போம். மரம் நின்றால் சாமை எப்படி விளையும்?"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. அவள் ஊரில் விளைகிற நிலம் வயல், மரம் அடர்ந்தது காடு. நம் பக்கத்தில் மானாவாரி நிலமெல்லாம் காடுதான். அவளுக்குத் தெரியாதது குற்றமில்லை. எனக்கு என்ன கேடு? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு "காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று விடியலில் கிளம்பின அப்பனுக்குப் பிறந்தவன் நான். அந்த வரியை நான்தான் அடித்தேன். விரல் கூசவில்லை.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அங்கேயே திருத்தினேன். பொழுது சாய்வதற்குள் பதினேழு இடம். மற்ற ஐந்து படியும் அதற்குள் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்துவிட்டன. சரியான படி என்று ஒன்று இருந்தால் அது பாட்டி வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.

சொல்லுக்குப் பொருள் மாறியதால் குடியா முழுகிவிடும் என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். பிறகு ஒரு வழக்கறிஞர் நகலெடுக்கக் கொடுத்த தாள்களில் வன உரிமைச் சட்டத்தைப் பார்த்தேன். 2006ஆம் ஆண்டுச் சட்டம். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் உழுது பயிர் செய்துவந்திருந்தால் அந்த நிலத்துக்கு உரிமை கேட்கலாம். 2008 விதிகளில் 13ஆவது விதி, எவையெல்லாம் சான்று என்று அடுக்குகிறது. கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம். அந்த வரிசையிலேயே, பெயர்பெற்ற நிறுவனங்கள் செய்த ஆய்வுகளும் வழக்காறுகளின் பதிவுகளும் இருக்கின்றன. பல்கலைக்கழக ஏட்டை அந்தக் கணக்கில் சேர்ப்பதும் சேர்க்காததும் உட்கார்ந்திருக்கிற அதிகாரியைப் பொறுத்தது என்றார் வழக்கறிஞர். சேர்த்துக்கொண்டார் என்றே வையுங்கள். பாட்டி சாமை விதைத்த சரிவு நம் ஏட்டில் மரம் அடர்ந்த வனமாக நிற்கிறது. அதை எடுத்து நீட்டினால் யாருக்குச் சாதகம்?

"எல்லாம்தான் ஷோத்கங்காவில் ஏற்றிவிடுகிறோமே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே" என்று, ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற இணையக் களஞ்சியத்தைக் காட்டி ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். தட்டச்சுக்காரனிடம் இதைச் சொல்லக் கூடாது. பழைய ஏடுகளை நாங்கள் பாமினி எழுத்துருவில் அடித்தோம், வானவில் எழுத்துருவில் அடித்தோம். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பை. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே தேட வைக்கிற யூனிகோடை 2010இல் தமிழக அரசு ஏற்ற பிறகும், பழைய எழுத்துரு அழகாக இருக்கிறது என்று அடம்பிடித்த வழிகாட்டிகள் உண்டு. அந்தக் கோப்புகளில் கொத்துக்காடு என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் வராது. மலை மேல் சிக்னல் எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்பது தனிக் கதை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு நாள். பஸ் ஏறிப் போய், சொன்னவர் முன்னால் உட்கார்ந்து, அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டிவிட்டு வாருங்கள். மேற்கோள் எண்ணுக்கும் பக்க ஓரத்துக்கும் ஆயிரம் விதி வைத்திருக்கிற பல்கலைக்கழகங்கள் இதற்கு ஒரு விதி வைக்கக் கூடாதா? படித்துக் காட்டினால் ஆய்வின் நடுநிலை போய்விடும் என்று ஒருவர் சொன்னார். பதினோரு ஏடுகளில் ஒரே பத்தியை ஒட்டியபோது போகாத நடுநிலையா பாட்டி திருத்தினால் போய்விடப்போகிறது?

எம்.ஃபில். படிப்பை 2022இல் நிறுத்திய பிறகு என் கடையில் கூட்டம் பாதிதான். அதனால்தான் கூடுதல் படி கேட்கிறான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஆறாவது படிக்குத் தாள் காசு மட்டும் கொடுங்கள். அட்டை, தையல், தங்க எழுத்து எல்லாம் என் கணக்கு. பக்க ஓரத்தில் மட்டும் நல்ல அகலமாக இடம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள், பென்சிலால் எழுத வேண்டியிருக்கும்.