கடலோரத்துல சும்மா உட்கார விடுங்கப்பா

‘இவ்வளவு தூரம் வந்துட்டு...’ன்னு இனிமே எவராவது என் முன்னாடி ஆரம்பிச்சாங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்.

நான் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை லீவு. ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி எனக்கும் லீவு வாங்கியாச்சு. ராமேஸ்வரம் பக்கம் போய்க் கடலோரமா ஒரு ஜமக்காளத்தை விரிச்சு உட்கார்ந்துட்டு வருவோம்னேன். மதுரையில காத்து வாங்கணும்னா நமக்குத் தெப்பக்குளத்துச் சுவர்தான் கதி. அங்கயும் பானிபூரிக்காரருக்கு மொய் எழுதாம எந்திரிச்சு வர முடியாது. ராமேஸ்வரம்னா 170 கிலோமீட்டர் போகணும். போற வழியிலேயே உச்சிப்புளியில வடக்கே திரும்பினா அரியமான். சவுக்குத் தோப்பு, நிழல், பாக் நீரிணைப் பக்கம்ங்கிறதால பெருசா அலை கிடையாது. அந்த ஊர்க்காரங்க அதைப் பெண்கடல்னுதான் சொல்லுவாங்க. மன்னார் வளைகுடாப் பக்கம் இரைச்சலா கிடக்குமே, அது ஆண்கடல். பிள்ளைக கரையோரமா அதுக பாட்டுக்கு மண்ணுல விளையாடும், நான் பக்கத்துல காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். வேற எதுவும் வேணாம்.

இதை வீட்டுக்காரர் அவுக அக்கா வீட்டுல போய்ச் சொன்னாரு பாருங்க, அதோட முடிஞ்சது கதை. நாத்தனார் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை. நல்ல மனுஷன்தான், ஆனா டூர்னு சொல்லிட்டா ஆளே மாறிருவாரு. அன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல குரூப். பேரு ‘ஜாலி டூர்’. முதல் மெசேஜே பட்டியல்: அக்னி தீர்த்தம், கோயிலுக்குள்ள 22 தீர்த்தம், ராமர் பாதம், வில்லூண்டி, கலாம் ஐயா நினைவிடம், கோதண்டராமர், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, திரும்பி வர்றப்போ தேவிபட்டினம் நவபாஷாணம், உத்தரகோசமங்கை. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறாய்ங்க. ‘அண்ணே, அரியமான்?’னு கேட்டேன். ‘டைம் இருந்தா பாப்போம்மா’ன்னாரு.

விடியக்காலம் நாலு மணிக்கு வேன்னா, முந்தின ராத்திரி யாருக்குத் தூக்கம் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். புளிக்காய்ச்சல், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய்ப்பொடி தடவின இட்லி, இது போதாதுன்னு சப்பாத்தி வேற. அத்தைக்கு வெளிச்சாப்பாடு சேராது. சரி, அவுகளுக்கு மட்டும் கட்டுவோம்னா, ‘நம்ம வீட்டுப் புளியோதரை மாதிரி வருமா’ன்னு மொத்தப் பேருக்கும் ஆயிருச்சு. அடுப்படியில நானும் ஓர்ப்படியாவும். ஹால்ல ஆம்பளைங்க உட்கார்ந்து ரூட் பேசிக்கிட்டு இருக்காங்க. இருக்கிறது ஒரே ரூட்டு! மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். இதுல என்னய்யா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேச வேண்டியிருக்கு?

வேன் கிளம்பினது ஆறரைக்கு. லேட்டாக்கினது யாருன்னு எழுதினா குடும்பத்துல சண்டை வரும்.

பாம்பன் பாலத்துக் கூத்தைக் கேளுங்க. 1988ல ரோட்டுப் பாலம் திறந்த நாள்ல இருந்து நடுப்பாலத்துல வண்டியை ஓரங்கட்டுறது நம்ம ஜனங்களுக்குப் பிறப்புரிமையாகிப் போச்சு. பின்னாடி பஸ்காரர் ஹாரனை அமுக்குறாரு, இவங்க செல்ஃபிக்கு முடியைச் சரி பண்றாய்ங்க. இதுல பக்கத்துல புது ரயில் பாலம் வேற வந்திருச்சு, 2025 ஏப்ரல்ல திறந்தது. கப்பல் வந்தா நடுத்துண்டு அப்படியே மேல எழும்பும். அண்ணனுக்கு அது எழும்புறதைப் பார்த்தே ஆகணும். ‘கப்பல் வந்தாத்தான் தூக்குவாங்க, எப்போ வரும்னு நமக்குத் தெரியாது’ன்னு டிரைவர் தம்பி தன்மையா எடுத்துச் சொல்லுது. ‘இவ்வளவு தூரம் வந்துட்டு, ஒரு பத்து நிமிஷம் நிப்போம்பா’ங்கிறாரு இவரு. நின்னோம். உச்சி வெயில்ல, பாலத்துக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, வராத கப்பலுக்காகக் கண்ணு கூசக் கூச நின்னோம். கீழ கடல் அப்படி ஒரு பச்சையும் நீலமுமா கிடக்கு, அதை ஒருத்தர் பார்க்கணுமே! எல்லார் பார்வையும் அந்த இரும்புத் துண்டு மேலதான்.

கோயிலைப் பத்திச் சொன்னா சாமிகுத்தம்னு வருவீங்க, அதனால தெளிவாவே சொல்லிடுறேன். அத்தைக்கு அது வருஷக்கணக்கான வேண்டுதல். 22 கிணத்துத் தண்ணியிலயும் குளிச்சு, ராமநாதசாமியைப் பார்த்தாத்தான் அவுக மனசு ஆறும். அதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல. மகனும் மகளும் பக்கத்துல நின்னு கூட்டிட்டுப் போங்க. ஆனா சளி பிடிச்ச சின்னவன்ல இருந்து வேன்ல வந்த அம்புட்டுப் பேரும் எதுக்குய்யா நனையணும்? ஒவ்வொரு கிணத்துலயும் வாளியில இறைச்சு இறைச்சுத் தலையில ஊத்துறாங்க, சின்னவனுக்கு ஏழாவது கிணத்துலயே பல்லு தந்தியடிக்குது. ‘இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாதியில விடக் கூடாதும்மா’ன்னு பின்னாடி இருந்து குரல். ஈரத்தோட சந்நிதிக்குப் போகக் கூடாதுல்ல, அத்தனை பேருக்கும் மாத்துத்துணி வேணும். அந்தப் பையைத் தூக்கிட்டு வழுக்குற தரையில கிணறு கிணறா அலைஞ்சது யாரு? வேற யாரு!

சாயங்காலம் லாட்ஜ்ல அம்புட்டு ஈரத்துணியையும் பிழிஞ்சு, கட்டில் காலுக்கும் ஜன்னல் கம்பிக்கும் கயிறு கட்டிக் காயப்போட்டேன். ‘சீ வியூ’ன்னு கூடக் காசு வாங்கின ரூம். எட்டிப் பார்த்தா டிரான்ஸ்பார்மருக்கும் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணித் தொட்டிக்கும் நடுவுல நீலமா ஒரு கோடு தெரிஞ்சது. அதையும் அத்தையோட ஈரச்சேலை மறைச்சிருச்சு.

மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ல அடிச்ச புயல்ல ரயிலோட, ஸ்டேஷனோட, சர்ச்சோட ஒரு ஊரே போன இடம். மிச்சமிருக்கிற சுவருக்கு முன்னாடி நம்ம ஆளுங்க ரெண்டு விரலை நீட்டிக்கிட்டு நிக்கிறாய்ங்க. அரிச்சல்முனையில அதை விடக் கொடுமை. ரெண்டு கடலும் சேர்ற இடம், உள்ளுக்குள்ள நீரோட்டம் எப்படி இழுக்கும்னே தெரியாது, இறங்காதீங்கன்னு போர்டு வச்சிருக்கு, போலீஸ்காரர் விசில் ஊதி ஊதித் தொண்டை வத்திக் கிடக்காரு. அங்க போய் கைப்பிள்ளையைத் தண்ணிக்குள்ள நிப்பாட்டி ‘அலை வருது பாரு, சிரி சிரி’ங்கிறாய்ங்க. குளிக்கத் தோதான அமைதியான கடலை விட்டுட்டு, கால் வைக்கக் கூடாத கடல்ல வந்துதான் இறங்குவேன்னா, இது என்ன வீம்பு?

அங்கதான் எனக்கு ஒரு இடம் கிடைச்சது. ரோட்டோரத் தடுப்புக் கல்லு. ரெண்டு பக்கமும் கடல், நல்ல காத்து. உட்கார்ந்து செருப்பைக் கழட்டினேன். ‘அண்ணி, ஒரு குரூப் போட்டோ!’ எந்திரிச்சுப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ‘சப்பாத்திப் பை எங்க இருக்கு?’ எந்திரிச்சேன். மறுபடி உட்கார்ந்தேன். ‘வண்டி எடுக்கணும்மா, இன்னும் ரெண்டு இடம் பாக்கி’. அண்ணன் கையில செல்லை வச்சுக்கிட்டு, தணிக்கைக்கு வந்த ஆபீசர் மாதிரி ஒவ்வொண்ணா டிக் அடிச்சுக்கிட்டு நிக்காரு. அந்தக் கடலை எத்தனை நிமிஷம் பார்த்தீங்கன்னு கேட்டா அவருக்கே பதில் தெரியாது. ஆனா ‘தனுஷ்கோடி பாத்தாச்சு’.

அட, எங்க வைகைக்கு இருக்கிற புத்தி கூட எங்க வீட்டு ஆளுங்களுக்கு இல்ல. அது வர்ற தண்ணியை ராமநாதபுரம் பெரிய கண்மாயில விட்டுட்டு அக்கடான்னு அடங்கிருது, கடலுக்குப் போயே தீருவேன்னு அடம்பிடிக்கிறதில்ல. நாங்கதான் தமிழ்நாட்டு ரோடு முடியிற கடைசிக் கல்லு வரைக்கும் போய்த் தொட்டுட்டு வரணும்.

திரும்பி வர்றப்போ உச்சிப்புளி வந்துச்சு. நான் டிரைவர் தம்பியைப் பார்த்தேன், தம்பி கண்ணாடியில அண்ணனைப் பார்த்துச்சு, அண்ணன் வாட்சைப் பார்த்தாரு. நவபாஷாணம் லேட்டாயிருமாம். வண்டி நேரா போயிருச்சு. கடைசி சீட்ல இருந்து என் மக கேக்குறா, ‘அம்மா, பீச்சுக்கு எப்போ போவோம்?’னு. கடலுக்குள்ள இருக்கிற தீவுக்கே போயிட்டு வர்ற பிள்ளை கேக்குற கேள்வியாய்யா இது?

வீட்டுக்கு வந்து துவைக்கப் போட்ட துணியில இன்னும் மண்ணு உதிர்ந்துக்கிட்டுக் கிடக்கு, அதுக்குள்ள குரூப்ல அடுத்த மெசேஜ். கோடை லீவுக்குத் திருச்செந்தூராம். நாழிக்கிணறு, குலசை, நவதிருப்பதி ஒன்பதும் ஒரே நாள்ல. கடைசியில ‘டைம் இருந்தா மணப்பாடு பீச்’. அதுக்கும் கட்டைவிரல் ஏறிக்கிட்டே இருக்கு, முதல் கட்டைவிரலு எங்க வீட்டுக்காரரோடது. போங்க, நல்லாப் போயிட்டு வாங்க. ராத்திரி யாரு சப்பாத்தி மாவு பிசையிறதுன்னு பட்டியல்ல ஒரு வரி சேர்த்துக்கோங்க அண்ணே, நான் அன்னைக்கு மாட்டுத்தாவணியில தனியா பஸ் ஏறி அரியமான்ல இருப்பேன்.