சூரியகாந்திகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை

‘மேகமூட்டமான நாளில் சூரியகாந்திப் பூக்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பி ஆற்றலைப் பகிர்ந்துகொள்ளும்’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றுகிறது. அழகான கற்பனைதான், ஆனால் உண்மையில்லை.

வெயிலோடு திரும்புவது பெரும்பாலும் இளஞ்செடிகளே. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகம் வளர்வதால் தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் அதிகம் வளர்ந்து தலை மறுபடி கிழக்கே திரும்புகிறது. அதாவது இது வளர்ச்சியால் வரும் அசைவு. தொட்டாற்சிணுங்கி இலை மடங்குவது வேறு வகை. அங்கே இலைக்காம்படிச் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. சூரியகாந்தி முற்றியதும் வளர்ச்சி நின்று, பூ கிழக்கையே பார்த்திருக்கும்.

கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை விளக்கியிருக்கிறார்கள். பூத்த வயலை மாலையில் பார்த்தாலே, பூக்கள் அப்போதும் கிழக்கே பார்த்திருப்பது தெரிந்துவிடும். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.