‘ஆல்’ என்றால் பூட்டு அல்ல

ஆப்பிள் செயலிகளின் திரைகளை எழுத உதவும் ஸ்விஃப்ட்யூஐ பற்றிய பேச்சில், “காலம் விசிபிலிட்டியை ‘ஆல்’ என்று வைத்துவிட்டால் ஐபேடில் பக்கப்பட்டை மறையவே மறையாது” என்று ஒருவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். (இந்தக் ‘காலம்’ நேரமல்ல, நிரல், அதாவது திரையில் நெடுக்காக நிற்கும் பகுதி. எந்தெந்த நிரல்கள் தெரிய வேண்டும் என்று சொல்வது காலம் விசிபிலிட்டி; ‘ஆல்’ என்றால் எல்லாமும்.) பாதிதான் சரி. 2022-இல் ஐஓஎஸ் 16-உடன் வந்த நேவிகேஷன் ஸ்பிளிட் வியூவுக்கு (திரையை நிரல்களாகப் பிரிக்கும் கூறு) நாம் கொடுப்பது ஒரு பைண்டிங், அதாவது நம் மாறியோடு ஓர் இணைப்பு. அது இருவழிப் பாதை. இரண்டு நிரல் அமைப்பில், மேல் மூலையில் உள்ள பொத்தானைப் பயனர் தட்டினால் பட்டை உள்ளே போய்விடும், நம் மாறியின் மதிப்பும் ‘டீட்டெயில் ஒன்லி’ (விவர நிரல் மட்டும்) ஆகிவிடும். மதிப்பு மாறும்போது இயங்கும் ‘ஆன் சேஞ்ச்’ போட்டு மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள், கண்ணெதிரே தெரியும்.

பொத்தானே வேண்டாமென்றால் ஐஓஎஸ் 17 முதல் டூல்பாரிலிருந்து ‘சைட்பார் டாகிள்’ என்ற அந்தப் பொத்தானை நீக்கலாம். ஆனால் நீக்கச் சொல்லும் வரியைப் பக்கப்பட்டையின் உள்ளடக்கத்தின் மீது எழுத வேண்டும். முழு ஸ்பிளிட் வியூவின் மீது எழுதிவிட்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

செயலியின் சாளரத்தைக் குறுக்கி, எல்லாம் ஒற்றை நிரலாக மடங்கிவிட்டால் நீங்கள் வைத்த ‘ஆல்’ கணக்கிலேயே வராது. அங்கே எந்த நிரல் முன்னே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது ‘பிரிஃபர்ட் காம்பாக்ட் காலம்’. அதுவும் 17-இல் வந்ததுதான்.