கையில் இருந்த குண்டைக் கொடுத்துவிட்ட நாடு

அல்மாட்டியில் ஏறி செமெய் போகும் ரயிலில், காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்ததையேதான் மத்தியானமும் பார்த்தேன், சாயங்காலமும் பார்த்தேன். புல்வெளி. நடுவே எப்போதாவது ஒரு குதிரைக் கூட்டம், ஒரு சின்ன ஸ்டேஷன், சுவர் வைத்து வளைத்த ஒரு இடுகாடு. மறுபடியும் புல்வெளி. 27 லட்சம் சதுர கிலோமீட்டர், உலகின் 9-ஆவது பெரிய நாடு என்று கஜகஸ்தானைப் பற்றிப் போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிது என்பது அந்த ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உடம்புக்குத் தெரிந்தது. இந்தியாவின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். அதில் வாழ்பவர்கள் 2 கோடிப் பேர்தான்.

அக்கா மகள் செமெயில் மருத்துவம் படிக்கிறாள். விடுமுறை முடிந்து அவள் திரும்பும்போது துணைக்கு நானும் போயிருந்தேன். எங்களுக்கு எதிர் சீட்டில் ஒரு பாட்டி. பெட்டியின் கோடியில் இருக்கும் கொதிகலனில் வெந்நீர் பிடித்து வந்து, பால் கலந்து, கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் டீ கொடுத்தார். கிண்ணத்தில் பாதிதான் இருந்தது. குடித்து முடித்ததும் மறுபடியும் பாதி. அக்கா மகள் சொன்னாள்: "மாமா, பாதி ஊத்தினா மரியாதை. இன்னும் உக்காருங்க, இன்னும் ஊத்தித் தரேன்னு அர்த்தம். ரொம்பி வழிய ஊத்தினாத்தான் கிளம்புங்கன்னு அர்த்தம்."

அந்தப் பாட்டி செமெய்க்கு மேற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ராணுவக்காரர்கள் வந்து எல்லோரையும் வீட்டைவிட்டு வெளியே வரச் சொல்வார்களாம். பள்ளத்தில் குப்புறப் படுக்கச் சொல்வார்களாம். "தரை எழுந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்" என்றார். அக்கா மகளுக்குத் தெரிந்த ரஷ்ய மொழியில் அவ்வளவுதான் மாற்றிச் சொல்ல முடிந்தது. பாட்டி தன் கூடப்பிறந்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாக மடக்கினார். நான்கு விரல்களை மடக்கிவிட்டு நிறுத்தினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அங்கே எல்லோரும் 'பாலிகான்' என்றுதான் சொல்கிறார்கள். சோவியத் யூனியனின் அணுகுண்டுச் சோதனைத் திடல். சுமார் 18,500 சதுர கிலோமீட்டர். 1949 ஆகஸ்ட் 29-ஆம் தேதி சோவியத்தின் முதல் குண்டு அங்கேதான் வெடித்தது. 1989 வரை 456 சோதனைகள். 100-க்கும் மேற்பட்டவை தரைக்கு மேலே, திறந்த வெளியில். ஆள் இல்லாத இடம் என்று சொல்லித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள் இருந்தார்கள். ஆடு மேய்த்தார்கள், அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் பாலைக் குடித்தார்கள். சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று கஜகஸ்தான் அரசே சொல்கிறது.

செமெயில் இர்திஷ் ஆற்றின் தீவு ஒன்றில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2001-ல் வைத்தது. கறுப்புக் கல்லில் உயரமாக ஒரு காளான் மேகம். அதன் அடியில் வெள்ளைப் பளிங்கில் ஒரு தாய், குழந்தையின் மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டிருக்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவள் முதுகு மட்டும்தான் நமக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்று தோன்றும். குழந்தை முழுசாக உள்ளே போய்விட்டது. நாங்கள் போன அன்று நல்ல காற்று. ரொம்ப நேரம் பேசாமல் நின்றோம்.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஊருக்குத் திரும்பியதும் நடந்த ஒரு பேச்சு. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தான் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி மாப்ளே. ஆனா கையில இருந்த குண்டையெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கிறாங்க பாரு, அவங்களுக்கு விவரம் பத்தாது. இதே மாதிரி கொடுத்த உக்ரைனைப் பாத்தேல்ல? குண்டு இல்லாத நாட்டை எவன் மதிப்பான்?"

அத்தான் மட்டும் இல்லை, நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தபோது கஜகஸ்தான் மண்ணில் 1,400-க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருந்தன. உலகத்திலேயே நான்காவது பெரிய கையிருப்பு. ஆனால் அவற்றை ஏவும் அதிகாரம் மாஸ்கோவின் கையில். வீட்டில் பீரோ இருக்கிறது, சாவி பக்கத்து ஊரில் இருக்கிறது என்றால் அது யாருடைய பீரோ? அந்த ஆயுதங்களைப் பராமரிக்கப் பணமும் இல்லை. வைத்துக்கொண்டால் புதிதாகப் பிறந்த நாட்டோடு யாரும் வியாபாரம் செய்ய வரமாட்டார்கள். 1994-ல் அணு ஆயுதம் இல்லாத நாடாக அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு சுமார் 600 கிலோ செறிவூட்டிய யுரேனியத்தை அமெரிக்கா விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனது. 1995-ல் கடைசி ஆயுதமும் ரஷ்யாவுக்குப் போய்விட்டது.

விவரம் பத்தாதவர்கள் செய்ததா இது? குண்டு என்றால் என்ன என்று தன் தோலில் தெரிந்துகொண்டவர்கள் செய்தது. இந்த முடிவை மேலிடம் மட்டும் எடுத்ததாகவும் நினைக்க வேண்டாம். 1989 பிப்ரவரியில் திடலில் கதிர்வீச்சுக் கசிந்தது. ஒல்ஜாஸ் சுலைமெனோவ் என்ற கவிஞர் தொலைக்காட்சியில் கவிதை வாசிக்க அழைக்கப்பட்டிருந்தார். நேரடி ஒளிபரப்பு. கவிதைத் தாளை மூடி வைத்துவிட்டு, சோதனைகளை நிறுத்தச் சொல்லும் அறிக்கையை வாசித்தார். சில நாட்களில் அல்மாட்டியில் கூட்டம் கூடியது. 'நெவாடா–செமிபலாத்தின்ஸ்க்' என்று இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். செமிபலாத்தின்ஸ்க் என்பது செமெயின் பழைய பெயர். அமெரிக்காவின் சோதனைத் திடலும் தங்கள் திடலும் ஒரே பெயரில்! எங்கள் ஊரில் வேண்டாம் என்பது மட்டுமல்ல, எந்த ஊரிலும் வேண்டாம். அந்த ஆண்டு அக்டோபரில் நடந்ததுதான் கடைசிச் சோதனை. 1991 ஆகஸ்ட் 29, முதல் குண்டு வெடித்த அதே தேதியில், திடல் மூடப்பட்டது. அந்தத் தேதியைத்தான் ஐ.நா. இப்போது அணுச் சோதனைகளுக்கு எதிரான நாளாக வைத்திருக்கிறது.

சரி, அத்தானின் கேள்வி அப்படியே இருக்கிறது. குண்டு இல்லாமல் எப்படிப் பிழைக்கிறார்கள்?

வரைபடத்தைப் பாருங்கள். வடக்கே ரஷ்யாவோடு சுமார் 7,600 கிலோமீட்டர் எல்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் ஓடும் நிலத்து எல்லைகளில் உலகிலேயே நீளமானது. கிழக்கே சீனா. தெற்கே கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான். கடல் இல்லாத நாடுகளில் மிகப் பெரியது இதுதான். காஸ்பியன் இருக்கிறதே என்று கேட்கலாம்; அது பேருக்குத்தான் கடல். அதிலிருந்து கப்பல் வெளியே போக வேண்டும் என்றால் ரஷ்யாவின் ஆறுகள், கால்வாய்கள் வழியாகத்தான் போக வேண்டும். எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் ஏற்றுமதியில் 80 சதவீதம் போல ஒரே குழாயில், தெங்கிஸ் வயலிலிருந்து 1,500 கிலோமீட்டர் தாண்டி ரஷ்யாவின் நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்குப் போகிறது. ஆறுகளும் அப்படித்தான். இர்திஷும் இலியும் சீனாவிலிருந்து வருகின்றன. சிர் தாரியா தெற்கு நாடுகளைத் தாண்டி வருகிறது. மேலே இருப்பவன் மதகை மூடினால் கீழே இருப்பவனின் வயல் என்ன ஆகும் என்று காவிரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிர் தாரியா போய்ச் சேரும் ஆரல் கடல் வற்றியது அவர்கள் கண்முன்னே நடந்தது. அதிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2005-ல் கோக்கரல் அணையைக் கட்டி வடக்கு ஆரலை மட்டுமாவது மீட்டார்கள். அங்கே மீன் திரும்பி வந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் ஒருவரோடு மட்டும் ஒட்டிக்கொள்ள முடியாது, ஒருவரையும் பகைத்துக்கொள்ளவும் முடியாது. ரஷ்யா முன்னின்று நடத்தும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தின் ஒப்பந்தம் 2014-ல் தலைநகர் அஸ்தானாவில்தான் கையெழுத்தானது. அதற்கு முந்தைய ஆண்டு சீன அதிபர் ஷி ஜின்பிங் தன் புதிய பட்டுப் பாதைத் திட்டத்தை முதலில் அறிவித்ததும் அஸ்தானாவில்தான். எண்ணெய் வயல்களில் அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனிகள். உலகத்தின் யுரேனியத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் இங்கிருந்து போகிறது, இந்தியாவும் வாங்குகிறது. சிரியா சண்டையைப் பேசித் தீர்க்க 2017-ல் அஸ்தானாவில் மேசை போட்டார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஐ.நா. பாதுகாப்பு சபையில் உட்கார்ந்தார்கள், மத்திய ஆசியாவிலிருந்து முதல் நாடாக.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் படுவது 2022 ஜூன் மாதம் நடந்த ஒன்று. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பொருளாதார மாநாடு. மேடையில் புதின். பக்கத்தில் கஜகஸ்தான் அதிபர் தோகாயேவ். உக்ரைனிலிருந்து ரஷ்யா பிரித்துக் காட்டிய தோனெத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளை நாடுகளாக அங்கீகரிக்க மாட்டோம் என்று அங்கேயே, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அடுத்த மாதமே அந்த எண்ணெய்க் குழாயை 30 நாள் நிறுத்தச் சொல்லி ரஷ்ய நீதிமன்றம் ஒன்று உத்தரவு போட்டது. பிறகு அபராதமாக மாற்றினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் இவர் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. கையில் குண்டு இல்லை, வெளியே போக வழி அவன் வீட்டு வாசல், ஆனாலும் சொன்னார். அத்தான், மதிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் அந்த நாட்டு மக்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். வெளியே இவ்வளவு பக்குவமாக நடந்துகொள்ளும் அரசு, வீட்டுக்குள் அப்படி இல்லை.

நசர்பாயேவ் சோவியத் காலத்திலிருந்தே தலைமையில் இருந்தவர், 2019 வரை அதிபர். 1997-ல் தலைநகரை அல்மாட்டியிலிருந்து வடக்கே புல்வெளிக்கு நடுவில் கொண்டுபோனார். குளிர்காலத்தில் மைனஸ் 40 வரை இறங்கும் இடம். அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஸ்டாலின் ஆட்சியில் வந்த பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் செத்து, கஜாக் மக்கள் சொந்த மண்ணிலேயே சிறுபான்மை ஆனார்கள். வடக்கு முழுக்க ரஷ்யர்கள் குடியேறியிருந்தார்கள். தலைநகரை அங்கே வைத்தால்தான் வடக்கு தங்கள் கையில் நிற்கும் என்று நினைத்திருக்கலாம். அதை ஏற்கிறேன். ஆனால் அவர் பதவி விலகிய வாரமே அந்த நகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்களே, அதை எப்படி ஏற்பது? அக்மோலா, அஸ்தானா, நூர்–சுல்தான், 2022-ல் திரும்பவும் அஸ்தானா. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எத்தனை பெயரைத்தான் படிக்கும்?

எண்ணெய் எடுக்கும் மங்கிஸ்தாவ் மாகாணத்தில் ஜானாஓசென் என்று ஒரு ஊர். 2011 டிசம்பரில், சுதந்திரத்தின் 20-ஆம் ஆண்டு விழா அன்று, வேலைநிறுத்தம் செய்த எண்ணெய்த் தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்டது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே ஊரில்தான் 2022 ஜனவரியில் காருக்குப் போடும் எல்பிஜி லிட்டர் 60 டெங்கேயிலிருந்து 120 ஆனதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எண்ணெய் எடுப்பவன் ஊரிலேயே எரிபொருள் விலை இரட்டிப்பு. சில நாட்களில் நாடு முழுக்கப் பரவியது. 'ஷால், கெட்!' என்று கத்தினார்கள். கிழவா, போய்விடு என்று அர்த்தம். கிழவர் என்றது நசர்பாயேவை. அல்மாட்டியில் நகராட்சிக் கட்டடம் எரிந்தது. தோகாயேவ் ரஷ்யா தலைமையிலான கூட்டுப் படையை வரவழைத்தார், எச்சரிக்காமலே சுடலாம் என்று தொலைக்காட்சியில் உத்தரவு கொடுத்தார். அரசுக் கணக்குப்படி 238 பேர் இறந்தார்கள். அதில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு.

புதினுக்கு எதிரில் நிமிர்ந்து நின்ற அதே மனிதர்தான் அதற்கு ஐந்து மாதம் முன்பு இந்த உத்தரவைக் கொடுத்தவர். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் பிறகு வாக்கெடுப்பு வைத்து நசர்பாயேவின் தனிச் சலுகைகளை எடுத்தார்கள், அதிபருக்கு ஏழு ஆண்டு, ஒரே ஒரு முறை என்று சட்டம் செய்தார்கள். நல்லது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் தோகாயேவ் 81 சதவீதம் வாங்கினார், எதிர்த்து நின்றவர்களில் யாரையும் வெளியே தெரியாது. சுட்டவர்கள் யார், யார் சொல்லிச் சுட்டார்கள் என்று வெளிப்படையாக விசாரிக்காதவரை அந்தச் சிறுமியின் வீட்டுக்கு எந்தச் சட்டத் திருத்தமும் பதில் ஆகாது என்று நினைக்கிறேன்.

2024 அக்டோபரில் இன்னொரு வாக்கெடுப்பு. அணுமின் நிலையம் கட்டலாமா என்று. 71 சதவீதம் பேர் கட்டலாம் என்றார்கள் என அறிவித்தார்கள். பல்கஷ் ஏரிக்கரையில் உல்கென் என்ற இடத்தில் வருகிறது. முன்னின்று கட்டப்போவது ரஷ்ய நிறுவனம். மின்சாரத் தட்டுப்பாடு இருப்பது உண்மை. யுரேனியம் சொந்த மண்ணில் இருக்கிறது. கேட்டால் கணக்கு சரியாகத்தான் வரும். அந்த வாக்கெடுப்பின்போது பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

செமெய்க்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது விடியவில்லை. அந்தப் பாட்டி இறங்குவதற்கு முன் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். என்ன என்று கேட்டேன். "டாக்டர் ஆனதும் இங்கேயே இருப்பியான்னு கேக்குறாங்க மாமா" என்றாள். பாட்டி பிளாட்பாரத்தில் நின்று, ரயில் நகரும் வரை, எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.