கட்டணம் கொடுப்பவரும் எதிரில் அமர்ந்திருப்பவரும்

சென்னையில் மனநல ஆலோசகராகப் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி அறைக்குள் வந்ததில்லை, வாசற்படியில்தான் வந்திருக்கிறது. ஐம்பது நிமிடம் பேசி முடித்த பிளஸ் டூ மாணவி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும், கைப்பையிலிருந்து கட்டணத்தை எடுத்து நீட்டியபடியே அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "உள்ள என்ன மேடம் சொன்னா?"

கேட்பதில் தவறில்லை. மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாத, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற பெண்ணைப் பெற்றவர் வேறு எப்படிக் கேட்பார்? அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் எங்கள் தொழிலின் அறமே அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் தவறான பதிலைச் சொன்னேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "பயப்படாதீங்க, கணக்கை விட்டுட்டு காமர்ஸ் எடுக்கணும்னு நினைக்கிறா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்ன அந்த ஒரு வரி, அன்றிரவே அப்பாவுக்கும், தொலைபேசி வழியாகப் பெரியப்பாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் வந்த அந்தப் பெண் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டு, எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அதன்பின் அவள் வரவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தன் மனநலம், சிகிச்சை பற்றிய செய்திகள் வெளியே போகாமல் காக்கப்படுவதை மனநோய் கொண்டவரின் உரிமையாக 23ஆவது பிரிவில் எழுதிவைத்திருக்கிறது. பிறருக்கு ஆபத்து நேராமல் தடுப்பதற்காகச் சொல்லியே ஆக வேண்டிய நிலையிலும், அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே சொல்லலாம் என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விஷயத்தில் பெற்றோருக்குச் சட்டப்படி இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சைக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வதும், அறைக்குள் பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டு வாங்குவதும் ஒன்றல்ல.

மறுபக்கம், எங்களால் காக்க முடியாத இரகசியமும் உண்டு. குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. இந்த எல்லையை முதல் நாளே சொல்லாமல், "நீ எதை வேண்டுமானாலும் சொல்லு, யாருக்கும் போகாது" என்று வாக்களித்துவிட்டு, குழந்தை மனம் திறந்த பிறகு சட்டத்தைக் காட்டுவது நம்பிக்கைத் துரோகம். பல ஆலோசகர்கள் நல்லெண்ணத்தோடுதான் அந்த வாக்கைக் கொடுக்கிறார்கள், ஆனாலும் அது கொடுக்கக் கூடாத வாக்கு.

கட்டணம் கொடுப்பவரின் விருப்பத்தையே சிகிச்சையின் நோக்கமாக எடுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய ஆபத்து. மகனுக்கு ஆண்கள்மேல் ஈர்ப்பு இருப்பது தெரிந்து, "எப்படியாவது மாத்திடுங்க" என்று அழைத்துவந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அந்தத் தீர்ப்புக்கு முன், இந்தப் பொருளைத் தான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவரே ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்தார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஏற்று ஒரு நீதிபதி கற்கப் போனார் என்றால், எங்களில் எத்தனை பேர் அப்படிப் போகிறோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

முகநூலில் எழுதும் சக ஆலோசகர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போட்டுவிட்டு, வேளச்சேரியில் குடியிருப்பவர், ஐடி வேலை, இரட்டைக் குழந்தைகள், கணவர் கப்பலில் என்று எழுதினால், பெயரை மாற்றி என்ன பயன்? அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? அறைக்கு நடுவே பிளைவுட் தடுப்பு வைத்து, உள்ளே ஒருவர் அழுவது வரவேற்பு மேசை வரை கேட்கும்படி ஆலோசனை மையம் நடத்துவதும் இதே குற்றம்தான்.

இப்போது முதல் நாளில் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து, எது என்னோடு நிற்கும், எது நிற்காது, எதை யாரிடம் எப்போது சொல்வேன் என்பதைத் தமிழில் எழுதிய ஒரு தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். பெற்றோரிடம் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் முன்னிலையிலேயே பேசுகிறேன். சென்ற மாதம் ஓர் அப்பா, "அப்ப நான் எதுக்கு மேடம் ஃபீஸ் கட்டுறேன்?" என்று கேட்டார். "உங்க பையன் பயமில்லாம பேச ஒரு இடம் வேணும்னுதான் சார்" என்றேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.