பரிசலைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

தங்கை வீட்டில் முதல்முறையாகப் படகு வாங்கப் போகிறார்கள். ஒரு மாதமாக அங்கே வேறு பேச்சே இல்லை. மாப்பிள்ளை பத்து வருடம் விசைத்தறியில் நின்றவர். தறிச் சத்தம் போதும் என்று, தன் அப்பா பார்த்த மீன்பிடித் தொழிலுக்கே, மேட்டூர் அணைக்கே திரும்புகிறார். கொளத்தூர்ப் பக்கம் வீடு, பண்ணவாடி பரிசல்துறைக்கு நடந்தே போய்விடலாம். மீன்வளத் துறை உரிமம், வலை எல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டன. படகில்தான் இழுபறி.

மாப்பிள்ளைக்கு ஆசை மோட்டார் வைத்த ஃபைபர் படகின் மேல். கடற்கரை ஊர் ஒன்றில் பழைய படகு மலிவாக வருகிறதாம். அவருடைய சித்தப்பா ஃபைபர் பரிசல்தான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொழுது போக்குகிறவர் வரை ஆளுக்கொரு யோசனை. இத்தனை பேரில் ஒருவர்கூட என் தங்கையைக் கேட்கவில்லை. துடுப்புப் போடப் போகிறவள் அவள்தான்.

அணையில் கணவனும் மனைவியுமாகத் தொழிலுக்குப் போகிறவர்கள் உண்டு. ஒருவர் வலையை எடுக்க, ஒருவர் பரிசலை நிறுத்திப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வலை எடுப்பதுதான் வேலை, மற்றது சும்மா உட்கார்ந்திருப்பது. ஒரு நாள் துடுப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள், தெரியும். வட்டமான பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஒரே பக்கம் தள்ளினால் அது நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். துடுப்பை முன்னால் விட்டு, இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தண்ணீரை நம் பக்கம் இழுக்க வேண்டும். நான் முயன்றபோது மூன்று சுற்றுச் சுற்றி, புறப்பட்ட கரைக்கே வந்து முட்டினேன். தங்கை சிரிக்கக்கூட இல்லை. கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். நம் பக்கத்து அணைகளில் முதல் படகு வாங்குகிறவர்கள், அது தண்ணீரில் எப்படிப் போகிறது என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கரையில் அதை யார் தூக்குவது என்று பாருங்கள். கடலில் கரை ஓரளவு அதே இடத்தில் இருக்கும். அணையில் கரைதான் ஓடும். 2024 ஜூன் நடுவில் மேட்டூர் அணையில் 50 அடிகூடத் தண்ணீர் இல்லை. ஜூலை 30 அன்று முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டுவிட்டது. ஏழே வாரம்! வற்றிய காலத்தில் ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்த வண்டல், அதைத் தாண்டினால் முழங்கால் சேறு. ஏறும்போதோ, நேற்றுக் கவிழ்த்து வைத்த இடம் இன்று தண்ணீருக்குள். நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டிய படகை வாங்கிவிட்டு, அந்த நாலு பேரை விடியற்காலை நாலு மணிக்கு எங்கே போய்த் தேடுவது?

கடற்கரைப் படகு அலையை உடைத்துப் போவதற்கென்றே செய்தது. அதன் நீளமும், அடியில் நீளவாக்கில் புடைத்து நிற்கும் ஏராவும் அங்கே நியாயம். இங்கே அணை கட்டும் முன் ஊராக இருந்த நிலம் அடியில் கிடக்கிறது. நீர் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். பார்க்க ஊரே திரண்டு போகும். தலைகாட்டாத கல்லும் சுவரும் எத்தனையோ. மோட்டாரின் விசிறி அதில் ஒருமுறை மோதினால் அந்த மாத வருமானம் போயிற்று. மோதாவிட்டால் வலையைச் சுற்றிக்கொள்ளும்.

மூங்கில் பரிசல் ஆறேழு அடி விட்டம். மூங்கில் பத்தையில் கூடை போலப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கு வைத்துத் தைத்து, தார் பூசியது. முன்பு தோல் கட்டினார்கள். ஆயுள் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழிந்தால் ஊசியும் சாக்கும் தாரும் போதும், வீட்டு வாசலிலேயே ஒட்டிக்கொள்ளலாம். தட்டையான அடி என்பதால் சாணளவு தண்ணீரிலும் மிதக்கும். ஃபைபர் பரிசல் நீண்ட நாள் வரும், கனமும் கூடும். தொழில் கைக்கு வந்தபின் அதை வாங்கலாம். பழகும் காலத்தில் அடிபடுவது மூங்கிலாக இருக்கட்டும்.

பரிசலுக்குக் காற்று ஆகாது. ஆடிக் காற்றில் அது தாம்பாளம் மாதிரி அடித்துக்கொண்டு போகும். மோட்டார் இருந்தால் திரும்பிவிடலாமே என்கிறார் மாப்பிள்ளை. அந்த ஒன்றில் அவர் சொல்வது சரி. ஆனால் காற்று ஏறுகிற நாளில் போகாமல் இருப்பதற்கு மோட்டார் தேவையில்லை.

விலை பேசும்போதே மிதவை உடுப்புக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். ஒகேனக்கலில் அரைமணி நேரம் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு அது கட்டாயம். வருடமெல்லாம் தண்ணீரிலேயே கிடக்கிறவருக்கு மட்டும் வெட்கம்! தங்கை பையனுக்கு ஒன்பது வயது, லீவு நாளில் அவனும் ஏறத்தான் போகிறான். வளர்ந்தாலும் ஆகட்டும் என்று சட்டை எடுக்கிற மாதிரி பெரிதாக எடுத்தால், தண்ணீரில் விழும்போது உடுப்பு மேலே போகும், பையன் கீழே போவான். அவன் எடைக்கு ஏற்றது, கவட்டு வழியாக வார் போட்டுக் கட்டுவது வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பரிசல் பின்னுகிறவர் வீட்டுக்கு மூவரும் போனோம். மாப்பிள்ளை விலை கேட்டார். நான் தாரை மோந்து பார்த்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது. தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருந்ததில் சின்னதாக ஒன்றை விளிம்பைப் பிடித்து நிமிர்த்தினாள். உள்ளே குனிந்து முதுகில் ஏற்றிக்கொண்டு வாசலிலிருந்து வேப்பமரம் வரை போய்த் திரும்பி வந்து வைத்தாள். அடுத்ததையும் அப்படியே தூக்கினாள், பாதி வழியில் இறக்கிவிட்டாள்.

"முதலில் தூக்கியதே போதும் அண்ணா" என்றாள்.

முன்பணம் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை பஸ்ஸில் வரும்போதும் யாருக்கோ போன் போட்டு மோட்டார் விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.