மூட்டு மாற்றிய பிறகும் வலி: ‘எக்ஸ்ரே சரி என்றால் மனப்பிரமை’ என்பது தவறு

‘முழங்கால் மூட்டு மாற்றிய பின் எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலித்தால் அது மனப்பிரமை, இல்லையென்றால் மூட்டு மட்டமானது, உடனே மாற்றுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அதன் இரண்டு பாதியுமே தவறு.

எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவது எலும்பும் உலோகமும்தான், நரம்பு தெரியாது. முழங்காலின் உட்புறத்திலிருந்து முன்பக்கத் தோலுக்கு வரும் மெல்லிய நரம்புக்கிளை அறுவையில் பெரும்பாலும் வெட்டுப்படும். தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவது அதனால்தான். சிலருக்கு வெட்டுப்பட்ட நுனி முடிச்சாகத் திரண்டுவிடும். புடவை உரசினாலே எரியும். அந்த ஒரே புள்ளியில் விரலால் தட்டினால் ஷாக் அடித்ததுபோல் சுண்டும். அங்கே மரப்பு ஊசி போட்டதும் வலி அடங்கினால் காரணம் ஏறக்குறைய உறுதி.

இடுப்பு மூட்டுத் தேய்மானமும், கீழ்முதுகில் நரம்பு நசுங்குவதும் முழங்கால் வலியாகவே வரும். காலை உட்புறம் திருப்பும்போது தொடை இடுக்கில் பிடித்தால் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மடக்கிய காலை நீட்டும்போது ‘டொக்’கென்று சிக்கி விடுபட்டால், முழங்கால் சில்லின் (முன்பக்க வட்ட எலும்பின்) மேல்முனையில் நார்க்கட்டி வளர்ந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது கிருமித்தொற்று. காய்ச்சலே இல்லாமலும் அது இருக்கும். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, தேவைப்பட்டால் மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பார்கள். அதற்குள் தாமாக ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டால் சோதனையில் கிருமி சிக்காமல் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரணம் பிடிபடாமல் செய்யும் மறுஅறுவையிலும் வலி பெரும்பாலும் தீருவதில்லை.